குவாதலூப்: இருவருக்கு எட்டு நாள், கைக்கு அடங்கிய செலவு

கிளம்பும் முன்

கரீபியன் தீவான குவாதலூப்பில் செலவைத் தீர்மானிப்பவை மூன்று: எந்த மாதம் போகிறோம், தீவின் எந்தப் பக்கம் தங்குகிறோம், எதை எதற்கு முன்னால் செய்கிறோம். இவை சரியாக அமைந்துவிட்டால் எரிமலை, காடு, கடற்கரை எல்லாம் காசில்லாமலே கிடைக்கும். கையிலிருப்பதைக் கடலுக்குள் இறங்குவதற்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.

முதலில் விசா. 1946 முதல் குவாதலூப் பிரான்சின் கடல்கடந்த மாவட்டம். நாணயம் யூரோ, பிளக் பிரெஞ்சு பிளக். ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பிரான்சில் வழங்கிய வதிவிட அட்டை இருந்தால் தனி விசா வேண்டாம். ஜெர்மனியோ இத்தாலியோ கொடுத்த சாதாரண ஷெங்கன் விசாவைக் காட்டிப் போக முடியாது. கடல்கடந்த மாவட்டங்களுக்குச் செல்லும் என்று எழுதிய பிரெஞ்சு விசா தனியாக வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை மே நடுவிலிருந்து ஜூன் வரையிலும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முதல் வாரங்கள் வரையிலும்தான் விலையும் வானிலையும் ஒத்துவருகின்றன. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம். வானம் தெளிவாக இருக்கும், அறை வாடகை ஏறியிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பிரான்சிலிருந்து குடும்பங்கள் ஊர் திரும்புவதால் விமான டிக்கெட் மறுபடி எகிறும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் உச்சம். அந்த மாதங்களில் டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் அந்த மலிவுக்குக் காரணம் அதுதான்.

பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து எட்டரை மணி நேரப் பயணம். மே மாதத்தில், இரண்டு மூன்று மாதம் முன்னால் போட்டால், ஆளுக்கு 500 யூரோவைச் சுற்றி வரும். பெட்டி இல்லாத டிக்கெட்டின் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். மலையேறும் சப்பாத்து, நீச்சல் கண்ணாடி, துடுப்புக் காலணி எல்லாம் கொண்டுபோக வேண்டும். இருவருக்கு ஒரு பெட்டி அவசியம்.

தரையிறங்கிய பின் ஏழு இரவுக்கு இருவருக்கான கணக்கு இப்படிப் போடலாம்: சமையலறையோடு சிறு வீடு, இரவுக்கு 65 யூரோ வீதம் 455. எட்டு நாள் கார், நாளுக்கு 35 வீதம் 280. பெட்ரோல் 70. சாப்பாடு, நாளுக்கு 35 வீதம் 280. லே சாந்த் தீவுகளுக்கு ஃபெர்ரி 50. முதல் டைவிங் 120. நுழைவுச்சீட்டு, காயக் படகு, சில்லறை 45. மொத்தம் 1300. இதில் குறைக்கவே கூடாதது கார்தான். பேருந்து உண்டு, ஆனால் மாலையோடு நின்றுவிடும், ஞாயிறன்று மிகக் குறைவு, எரிமலைப் பாதைக்கோ அருவிக்கோ போகாது. காரை விட்டுவிட்டு டாக்ஸிக்கும் சுற்றுலா வேனுக்கும் கொடுக்க ஆரம்பித்தால் மூன்றாம் நாளே கணக்கு உடையும்.

தங்குமிடத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஆறு என்று பெயர் கொண்ட ஒடுங்கிய கடல்நீர்க் கால்வாய் ஒன்று தீவை இரண்டாக்குகிறது. மேற்கே பாஸ்-தேர்: எரிமலை, மழைக்காடு, கறுப்பு மணல். கிழக்கே கிராந்த்-தேர்: சுண்ணாம்புப் பாறை, தட்டை நிலம், வெள்ளை மணல். ஒரே இடத்தில் தங்கினால் தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காரில் போகும், அதுவும் ழாரி தொழிற்பேட்டை நெரிசலுக்குள். முதல் ஐந்து இரவு மேற்குக் கரையில் பூயாந்த் பக்கம், கடைசி இரண்டு இரவு கிழக்கில் சாந்த்-ஆன் பக்கம் என்று வைத்துக்கொண்டால் கால்வாயைச் சாமானோடு ஒரே ஒரு முறை கடந்தால் போதும்.

மேற்கில் அதிக இரவு வைப்பதற்கு இன்னொரு காரணம் சர்காசம் பாசி. 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து பெருந்திரளாக வந்து ஒதுங்குகிறது. மார்ச் முதல் செப்டம்பர் வரை வரவு அதிகம். கரையில் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடும் அமோனியாவும் கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம், தலைவலி, கண் எரிச்சல். காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் பாசி கிழக்குக் கரைகளிலும் தெற்குக் கரையின் சில இடங்களிலும்தான் சேரும். மலைக்குப் பின்னால் ஒதுங்கிய மேற்குக் கரைக்கு அநேகமாக வராது. இணையத்தில் “கடல் பார்த்த அறை, பாதி விலை” என்று கபெஸ்தேர், குவாயாவ், லெ மூல் பக்கம் கண்டால் இதை நினைவில் வையுங்கள். மெத்தியோ-பிரான்ஸ் சர்காசத்துக்கென்றே முன்னறிவிப்பு வெளியிடுகிறது.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வைஃபை பற்றியது அல்ல. “தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா?” என்று கேளுங்கள். இந்தத் தீவின் குழாய் வலையமைப்பு பழுதானது. பகுதி பகுதியாக முறைவைத்துத் தண்ணீர் நிறுத்துவார்கள். சொந்தத் தொட்டி உள்ள வீட்டில் அது தெரியவே தெரியாது. இல்லாத வீட்டில் உப்புத் தண்ணீர் ஊறிய உடம்போடு இரவு தூங்க வேண்டிவரும்.

நாள் 1, சனி: இறங்கும் நாள்

பாரிஸ் விமானங்கள் பெரும்பாலும் பிற்பகலில் இறங்குகின்றன. கோடையில் பாரிசுக்கும் இங்கும் ஆறு மணி நேர வித்தியாசம், பனிக்காலத்தில் ஐந்து. சனிக்கிழமை வந்து இறங்குவதில் ஒரு லாபம் உண்டு: வார நாட்களில் மூன்றரை முதல் ஆறு மணி வரை ழாரி, பே-மாஓ சந்திப்புகள் அடைத்துக்கொள்ளும், இன்று அந்த அளவுக்கு இருக்காது.

கார் எடுக்கும் இடத்தில் இரண்டு விஷயம் பிசகும். ஒன்று, பிணைத்தொகை. ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள். டெபிட் கார்டை நீட்டினால் பல இடங்களில் திருப்பிவிடுவார்கள், அல்லது விலையேறிய காப்பீட்டைத் தலையில் கட்டுவார்கள். இரண்டு, கீறல். சக்கர வளையம், பம்பரின் அடிப்பகுதி, முன்கண்ணாடி, கூரை என்று எல்லாவற்றையும், காரை நகர்த்தும் முன், ஒரு நிமிட வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உள்ளவை தாளில் குறிக்கப்படும்வரை கையெழுத்து வேண்டாம். இந்திய உரிமத்தோடு வருபவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கொண்டுவர வேண்டும்.

அடுத்த நிறுத்தம் பல்பொருள் அங்காடி. ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகள் மூடிவிடும், ஆகவே இரண்டு நாளுக்கு வேண்டியதை இன்றே வாங்குங்கள். உணவுப் பொருள் பிரான்சின் விலையைவிட ஏறக்குறைய நாற்பது விழுக்காடு அதிகம். பாலாடைக்கட்டி, தயிர், ஆப்பிள் மாதிரிக் கப்பலில் வருபவற்றில் அது உறைக்கும். அரிசி, பருப்பு, முட்டை, உள்ளூர்க் காய்கறி என்று கூடையை நிரப்பினால் அவ்வளவு தெரியாது. சௌசௌ, பரங்கி, வெண்டை, ஈரப்பலா, வாழைக்காய் எல்லாம் இங்கே விளைபவை. மிளகாய் மட்டும் கவனம். குட்டிக் குடைமிளகாய் வடிவில் மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். குழம்பில் கீறாமல் முழுதாகப் போட்டு, இறக்கும்போது எடுத்துவிட வேண்டும்; உடைந்தால் சட்டி முழுக்க வீண். சாம்பார்ப் பொடியும் புளியும் பெட்டியில் வந்திருந்தால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும்.

மலையைக் குறுக்காகக் கடந்து மேற்கே இறங்கும் சாலை அழகானதுதான். ஆனால் இருட்டில், மழையில், எட்டரை மணி நேரம் பறந்த களைப்பில் அதைத் தொடவேண்டாம். ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். நேரமாகிவிட்டால் வடக்கே சுற்றி தெஸே வழியாகப் போங்கள்; கொஞ்சம் நீளம், ஆனால் ஊர்களும் வெளிச்சமும் உள்ள பாதை.

நாள் 2, ஞாயிறு: கிராந்த் ஆன்ஸ்

விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும். அந்த விழிப்பை நாளைக்குச் சேமித்துக்கொண்டு, இன்று கடற்கரையில் உடம்பை ஓய்வாக விடுவது நல்லது.

தெஸேக்கு வடக்கே கிராந்த் ஆன்ஸ்: ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் காவி நிற மணல், பின்னால் தென்னையும் கடல்திராட்சை மரங்களும். பார்க்கிங் இலவசம், ஞாயிறன்று பத்து மணிக்குள் நிரம்பிவிடும். கரை சட்டென்று ஆழமாகும். வடக்கு அலை எழும் நாளில் கால்களை இழுக்கும். நீச்சல் நன்றாக வராதவர்கள் இடுப்பளவோடு நிற்கட்டும்.

மரத்தடியில் துண்டு விரிக்கும் முன் அடிமரத்தைப் பாருங்கள். சிவப்புப் பட்டை அடித்திருந்தால் அது மான்செனியே. பாலும் இலையும் காயும் நஞ்சு. குட்டிப் பச்சை ஆப்பிள் மாதிரி மணத்தோடு காய் கீழே கிடக்கும். கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். மழை வந்தால் இந்த மரத்தடியில் ஒதுங்கவே கூடாது, இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைக் கொப்பளிக்க வைக்கும். எல்லா மரத்துக்கும் பட்டை அடித்திருப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

மதியத்துக்கு பொக்கிட்: எண்ணெயில் பொரித்த ரொட்டியைப் பிளந்து கோழி, கருவாட்டுப் பதம் செய்த மீன், முட்டை எதையாவது நிரப்பித் தருவார்கள். ஐந்து முதல் எட்டு யூரோ, ஒன்றே ஒருவருக்கு நிறைவு. சைவர்கள் முட்டை, பாலாடைக்கட்டி, காய் என்று கேட்டு வாங்கலாம். அதே எண்ணெயில் மீனும் பொரிந்திருக்கும் என்பது தெரிந்திருக்கட்டும்.

நாள் 3, திங்கள்: லா சூஃப்ரியேர்

1467 மீட்டர். சிறிய அந்திலீஸ் தீவுகளிலேயே உயரமான சிகரம், இன்னும் உயிரோடு இருக்கும் எரிமலை. 1976-இல் நீராவி வெடிப்புகள் தொடங்கியதும் 70,000-க்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். இன்றும் ஆய்வகம் இதைக் கண்ணை எடுக்காமல் கண்காணிக்கிறது. மலையேற்றத்துக்குக் கட்டணம் கிடையாது.

பூயாந்திலிருந்து ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். பாஸ்-தேர் நகரம், சாங்-க்ளோத் வழியாக ஏறும் சாலை கடைசியில் ஒற்றைக் கார் அகலத்துக்கு ஒடுங்கி, பாங் ழோன் என்ற இடத்தில் முடிகிறது. சின்ன வாடகைக் கார் அந்தச் சரிவில் திணறும். ஏசியை அணைத்துவிட்டு முதல் கியரில் ஏற்றுங்கள். ஏழு மணிக்குள் வந்தால் இடம் உண்டு. எட்டுக்கு வந்தால் சாலையோரம் கீழே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும்.

பாங் ழோனின் உயரம் ஏறத்தாழ 950 மீட்டர். முதல் பகுதி கல் பாவிய பழைய பாதை, அடர்ந்த காட்டுக்குள் அரைமணி, நாற்பது நிமிடம். கற்களில் பாசி படிந்திருக்கும். இறங்கும்போதுதான் வழுக்கி விழுவார்கள். பிறகு காடு சட்டென்று முடிந்து சாவான் ஆ முலே என்ற வெட்டவெளி, 1142 மீட்டர். முன்பு கார்கள் இதுவரை வந்தன. 2004 நவம்பர் நிலநடுக்கத்துக்குப் பிறகு இல்லை. இங்கிருந்து மேற்குச் சரிவைச் சுற்றி ஏறும் பாதையில் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம். பாதையின் இரு பக்கமும் முழங்கால் உயரத்துக்குமேல் மரமே இல்லை. ஈரம் ஊறிய பாசி மெத்தையும், அன்னாசி இலை போல் விரிந்த மலைச்செடிகளும் மட்டுமே. ஆண்டுக்குப் பத்து மீட்டர் அளவு மழை விழும் இடம் இது.

உச்சியில் கந்தக நெடி வரும். ஹைட்ரஜன் சல்பைடோடு உப்பு அமிலப் புகையும் கலந்திருக்கும். பித்தளைக் கொக்கி, கேமரா லென்ஸ் எல்லாம் கெடும். வாயு வெளியேற்றம் கூடியிருப்பதால் உச்சியின் பகுதிகளை அரசு ஆணையால் மூடி வைத்திருக்கிறார்கள். கயிறு கட்டியிருந்தால் அதோடு நில்லுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாவான் ஆ முலேயோடு திரும்புவதே சரி. அங்கிருந்து தெரியும் மேற்குக் கடலே போதுமான காட்சி.

பலருக்கும் இந்த மலை கைகூடாமல் போவது மேகத்தால். ஒன்பது, பத்து மணிக்குள் உச்சியை மேகம் மூடிக்கொள்ளும், காற்று ஆளைத் தள்ளும், பத்து மீட்டருக்கு அப்பால் தெரியாது. அதனால்தான் இந்த ஏற்றத்தைப் பயணத்தின் முன்பாதியில், உடம்பு தானாக நாலு மணிக்கு விழிக்கும் நாட்களிலேயே வைத்தோம். கீழே 30 டிகிரி என்றாலும் மேலே பதினைந்து பதினாறுதான். மழைச்சட்டை, மாற்றுச் சட்டை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், நன்றாகப் பிடிக்கும் அடிப்பாகம் உள்ள சப்பாத்து. போய்வர நாலு மணி நேரம்.

இறங்கியதும் பாங் ழோனின் வெந்நீர்த் தொட்டி. இதமான சூடு, தசைக்கு நல்லது. தலையை மட்டும் உள்ளே முக்காதீர்கள். இத்தகைய வெதுவெதுப்பான நன்னீரில் மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா இருக்கலாம்; 2008-இல் இந்தத் தீவில் ஒரு சிறுவன் அதனால் இறந்தான். கழுத்துவரை உட்கார்ந்தால் பயமில்லை.

நாள் 4, செவ்வாய்: மாலாந்தூர், கடலுக்கு அடியில்

வரிசை முக்கியம் என்று சொன்னதன் பொருள் இன்று புரியும். டைவிங் செய்த பிறகு 24 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். மலை ஏறக்கூடாது என்பது தெரிவதில்லை. கடலடியில் அழுத்தத்தில் சுவாசித்த நைட்ரஜன் உடம்பில் கரைந்திருக்கும்; மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து அது குமிழியாகும். 1467 மீட்டர் அதற்குப் போதுமான உயரம். இன்று டைவிங், நாளை சூஃப்ரியேர் என்று மாற்றிப்போட்டவர்கள் ஒரு நாளை வீணாக்கியிருப்பார்கள், அல்லது ஆபத்தை வாங்கியிருப்பார்கள். மலை முதலில், கடல் பிறகு.

மாலாந்தூர் கடற்கரைக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் பிஜோன் தீவுத்திட்டுகள். சுற்றியுள்ள கடல் தேசியப் பூங்காவின் மையப் பகுதி, மீன்பிடிக்கத் தடை. கடலடி ஆய்வாளர் கூஸ்தோவின் பெயரால் எல்லோரும் அழைக்கும் இடம் இதுதான். பாறையைச் சுற்றி எரிமலை வெந்நீர் கசிவதும், மேற்குக் கரை என்பதால் நீர் அமைதியாக இருப்பதும் பவளத்துக்கும் மீனுக்கும் வாழ்வு.

முதல்முறை டைவிங் செய்பவருக்கு ஒரு பயிற்றுநர் கூடவே, கையைப் பிடித்தபடி, அதிகபட்சம் ஆறு மீட்டர் ஆழம், அரைமணிக்கு உட்பட்ட நேரம். ஆளுக்கு 55 முதல் 65 யூரோ. காலை முதல் படகைக் கேளுங்கள். காற்று எழும் முன் நீர் தெளிவு. சளி, மூக்கடைப்பு இருந்தால் போகாதீர்கள், காது அழுத்தம் சமனாகாமல் செவிப்பறை வலிக்கும். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்குவது இன்னும் மோசம். உள்ளே இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்தால் மேலே வரும்போது சிக்கல்.

டைவிங் வேண்டாம் என்றால் இருவர் காயக் எடுத்துக்கொண்டு திட்டுவரை துடுப்புப் போடலாம். எட்டரைக்குள் புறப்பட்டு பதினொன்றுக்குள் திரும்பிவிடுங்கள். பிற்பகலில் படகுப் போக்குவரத்தும் எதிர்க்காற்றும் சேரும். திட்டில் எங்கே ஒதுங்கலாம், எங்கே கூடாது என்று காயக் தருபவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆமையைப் பார்க்கக் காசே வேண்டாம். மாலாந்தூர்க் கரையிலிருந்து மஞ்சள் மிதவைகளுக்கு உள்ளேயே, மூன்று நாலு மீட்டர் ஆழத்தில் கடற்புல் மேயும் பச்சை ஆமைகள் உண்டு. காலை ஏழரைக்குக் கண்ணாடியும் மூச்சுக்குழலும் போட்டு மெதுவாக நீந்தினால் பெரும்பாலும் தட்டுப்படும். மேயும்போது தலை புல்லுக்குள், முதுகில் ஒட்டுமீன் ஒன்றிரண்டு. சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுக்கு மேலே வரும். ஆமைக்கு நேர் மேலே மிதந்து அந்த வழியை அடைக்காதீர்கள். தொடவோ துரத்தவோ கூடாது. சன்ஸ்கிரீனைக் குறைத்து, நீண்ட கை நீச்சல் சட்டை போடுங்கள். முதுகு வேகாது, பவளத்துக்கும் கேடில்லை. கண்ணாடியையும் மூச்சுக்குழலையும் ஊரிலிருந்தே கொண்டுவந்தால் தினப்படி வாடகை மிச்சம், முகத்துக்குப் பொருந்துமா என்ற கவலையும் இல்லை.

நாள் 5, புதன்: லே சாந்த்

த்ருவா-ரிவியேர் துறையிலிருந்து லே சாந்த் தீவுக்கூட்டத்தின் தேர்-த-ஓ தீவுக்குக் கால்மணி, இருபது நிமிடம். போய்வர ஆளுக்கு 25 யூரோவைச் சுற்றி. முன்பதிவோடு, துறைக்கு முக்கால் மணி முன்னால் வாருங்கள்; பார்க்கிங்குக்குச் சில யூரோ ஆகும். இடையிலுள்ள கடலில் அலை தூக்கும். குமட்டல் வருபவர்கள் படகின் பின்பகுதியில், வெளியே உட்கார்ந்து கரையைப் பார்க்கட்டும்.

இறங்கியவுடன் ஸ்கூட்டரும் மின்வண்டியும் வாடகைக்குக் கூப்பிடுவார்கள். தேவையில்லை. கோட்டைக்கும் கடற்கரைகளுக்கும் நடையே போதும். முதலில் நெப்போலியன் கோட்டை, ஏனென்றால் அது மதியத்துக்குள் மூடிவிடும். மேலிருந்து வளைகுடாவும் எதிரே சூஃப்ரியேரும் தெரியும். பிறகு போம்பியேர்க் கடற்கரை: பாறைகள் அலையைத் தடுப்பதால் நீர் அசையாது; ஆனால் சர்காசம் வரும் பருவத்தில் இது காற்றுப் பக்கம். பாசி இருந்தால் நேரே எதிர்ப்பக்கம், பான் த சூக்ர் கரைக்குப் போய்விடுங்கள். மூச்சுக்குழலோடு நீந்த அதுவே மேல். துறையருகே பெண்கள் கூடையில் தேங்காய்ப்பூரணம் வைத்த சிறு கேக் விற்பார்கள். சூடாக இருக்கும்போது வாங்கிச் சாப்பிட வேண்டியது.

நாள் 6, வியாழன்: கபெஸ்தேர் வழியாகக் கிழக்கே

வீடு மாற்றும் நாள். பெட்டிகளை வீட்டிலேயே டிக்கியில் அடுக்கி மூடிவிடுங்கள். அருவிப் பார்க்கிங்கில் டிக்கியைத் திறந்து சாமானை மாற்றுவது திருடனுக்குத் தகவல் சொல்வது. கடவுச்சீட்டும் கார்டும் எப்போதும் உடம்போடு.

கார்பே அருவிகள் மூன்றில் இரண்டாவதுதான் எளிது: 110 மீட்டர், செப்பனிட்ட பாதையில் இருபது நிமிடம், சில யூரோ நுழைவு. பாறைச்சரிவு அபாயத்தால் அடிவாரம்வரை விடுவதில்லை, பார்வைமேடையோடு சரி. நனைய ஆசைப்படுபவர்களுக்கு வழியில் ஓடைகள் உண்டு. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் கரையேறுங்கள். மேலே மழை பெய்துவிட்டது என்று அர்த்தம், வெள்ளம் நிமிடக் கணக்கில் வரும். ஆறாத காயத்தோடு ஆற்றில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் இங்கே உள்ள நோய். திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓடையோடு பாறை இடுக்குகளில் கயிறு பிடித்து இறங்கும் கான்யனிங் போக விரும்பினால் ஆளுக்கு 60, 70 யூரோ தனியாக வேண்டும்; முந்தைய நாள் மழையைப் பார்த்து ரத்து செய்யும் வழிகாட்டியே நல்ல வழிகாட்டி.

இந்தப் பக்கம் முழுக்க வாழைத் தோட்டம். 1993 வரை இங்கே தெளித்த குளோர்டிகோன் பூச்சிக்கொல்லி இன்னும் மண்ணில் இருக்கிறது. கிழங்குகளிலும், ஆற்று மீனிலும், வீட்டுக்கோழி முட்டையிலும் சேரும். மரத்தில் காய்க்கும் மாம்பழத்துக்கும் வாழைப்பழத்துக்கும் ஏறுவதில்லை. சாலையோரம் பழம் வாங்குங்கள். கிழங்கைக் கடையில் வாங்குங்கள். ஊற்று நீரைப் பாட்டிலில் பிடிக்க வேண்டாம்.

நெடுஞ்சாலையோரம் ஷான்ழியில் வண்ணச் சிலைகளோடு கோவில் நிற்கிறது. 1854 டிசம்பர் 24 அன்று “ஒரேலி” என்ற கப்பல் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களைப் புவாந்த்-ஆ-பித்ரில் இறக்கியது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர், அவர்களில் பெரும் பகுதி புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழர். மாரியம்மனும் மதுரை வீரனும் அவர்களோடு வந்து இங்கே தங்கிவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கேட்டு 1904 முதல் 1923 வரை வழக்காடிய ஆன்றி சிதம்பரோம் கபெஸ்தேர்க்காரர். மொழி மறைந்துவிட்டது, வழிபாடு இருக்கிறது. இது சுற்றுலா இடமல்ல, வழிபாட்டு இடம். நிலையான பார்வை நேரம் கிடையாது. வாசல் திறந்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள், படம் எடுக்கும் முன் இருப்பவரைக் கேளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஊருக்குள் கொலொம்போ கேளுங்கள்: மல்லி, மஞ்சள், சீரகம் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும். 12 முதல் 15 யூரோ. தமிழ்நாட்டு நாக்குக்குக் காரம் குறைவு, மணம் பழக்கமானது.

மூன்றரை மணிக்குள் ழாரியைக் கடக்க முடியாது என்று தோன்றினால் அவசரப்படாமல் கபெஸ்தேரிலேயே இருந்து ஆறரைக்கு மேல் கிளம்புங்கள்.

நாள் 7, வெள்ளி: சாந்த்-ஆன், புவாந்த் தே ஷாத்தோ

வெள்ளை மணலுக்கு லா காரவேல் கடற்கரை. பக்கத்தில் பெரிய விடுதி இருந்தாலும் கடற்கரை பொதுச் சொத்து. ஊர்ப்பக்கப் பாதை வழியாக நடந்து போய்த் துண்டு விரிக்கலாம், யாரும் தடுக்க முடியாது. பவளத்திட்டு அலையை உடைப்பதால் நீச்சல் தெரியாதவர்களுக்கும் ஏற்ற நீர்.

மாலை நாலு மணிக்குமேல் தீவின் கிழக்கு முனையான புவாந்த் தே ஷாத்தோ. இருபது நிமிடத்தில் சிலுவை நிற்கும் மேட்டுக்கு ஏறிவிடலாம்; எதிரே லா தெஸிராத் தீவு. முனையில் இறங்கிக் குளிக்கக் கூடாது, நீரோட்டம் கொடியது.

சாங்-ஃபிரான்சுவாவிலிருந்து பெத்தித்-தேர் தீவுகளுக்குப் போகும் படகுப் பயணம் ஆளுக்கு நூறு யூரோவை ஒட்டி வரும். உடும்பு போலத் தோன்றும் இகுவானாக்களும், ஆழமில்லாத குளம் போன்ற கடலும் உண்மையிலேயே சிறப்பு. திரும்பும்போது எதிர்க்காற்றில் படகு நன்றாகக் குலுக்கும். இருவருக்கு 200 யூரோ என்பதால், டைவிங்கை விட்டால்தான் இதற்கு இடம். இரண்டில் ஒன்று என்றால் எங்கள் தேர்வு மாலாந்தூர்தான்.

நாள் 8, சனி: திரும்புதல்

பாரிஸ் விமானங்கள் பெரும்பாலும் மாலையில் கிளம்பும். காலையில் புவாந்த்-ஆ-பித்ரின் சாந்த்-ஆந்த்வான் சந்தையில் மசாலா, வனிலா. சுற்றுலாப் பொட்டலத்தைவிட உள்ளூர்க்காரர்கள் வாங்கும் பொட்டலத்தின் விலையைக் கேளுங்கள். நேரம் இருந்தால் அடிமை வணிகத்தின் வரலாற்றைச் சொல்லும் மெமோரியால் ஆக்ட் அருங்காட்சியகம். பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015-இல் திறந்தார்கள். இரண்டு மணி நேரமாவது கொடுக்க வேண்டும்.

பெட்ரோல் விலையை மாதந்தோறும் அரசே நிர்ணயிப்பதால் எங்கே போட்டாலும் ஒரே விலை. மலிவான பங்க்கைத் தேடி அலைய வேண்டாம். விமான நிலையத்துக்கு அருகே நிரப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மணலை உதறிவிட்டுக் காரை ஒப்படையுங்கள். இருக்கை நிறைய மணல் இருந்தால் கழுவும் கட்டணம் போடுவார்கள். முதல் நாள் எடுத்த வீடியோவோடு ஒப்பிட்டு, “சேதம் இல்லை” என்று எழுதிய தாளைக் கையில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள்.

மே, ஜூனில் மாம்பழம் கொட்டிக் கிடக்கும். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அதைப் பாரிசுக்கு எடுத்துப்போக முடியாது, சோதனையில் பறித்துவிடுவார்கள். அன்னாசிக்கும் தேங்காய்க்கும் அந்தத் தடை இல்லை. வாங்கிய மாம்பழத்தை விமான நிலையத்துக்கு வரும் முன்பே தின்று தீர்த்துவிடுங்கள்.